குளிர்ச்சியா, கிலோமீட்டரா?

திருச்சிராப்பள்ளிக்காரர்களுக்குத் தங்கள் ஊர் வெயிலைப் பற்றி ஒரு தனிப் பெருமை உண்டு. "வேலூர் வெயிலா? அதெல்லாம் ஒரு வெயிலா, ஸார்? சித்திரை மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள்!" என்பார்கள். மலைக்கோட்டையைப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் நியாயம்தான் என்று தோன்றும். ஊருக்கு நடுவில் அவ்வளவு பெரிய பாறை ஒன்று பகலெல்லாம் காய்ந்து கொண்டு நிற்கிறதே, ஊர் எப்படிக் குளிரும்? வடக்கே காவேரி இருக்கிறது என்று ஆறுதல் அடையலாம் என்றாலோ, மேட்டூர் அணையைத் திறப்பதற்கு ஏற்பட்ட தேதி ஜூன் 12. ஆகவே அக்கினி நட்சத்திர காலத்தில் காவேரி என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி மணல்தான். அந்த மணலில் மத்தியானம் காலை வைத்தவர்கள் மறுபடியும் வைப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட ஊரில், ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோடுப் பக்கம் குடியிருந்து கொண்டு, நான் ஒரு மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். 2023 மாசி மாதம் வாங்கினேன். சிறிய வண்டிதான். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் நம்பர் எழுதியிருக்கும். மின்சார வண்டிகளுக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று 2018-ல் விதி செய்தார்கள். அந்தப் பச்சைப் பலகையைப் பார்த்ததும் நம் ஜனங்களுக்குக் கேள்வி கேட்க வேண்டும் என்ற ஆசை வந்து விடுகிறது. அதிலும் ஒரு விசேஷம். ஐப்பசி, கார்த்திகையில் யாரும் கேட்பதில்லை. பங்குனி பிறந்ததோ இல்லையோ, ஆரம்பித்து விடுகிறார்கள்.

கேள்விகள் மூன்றே மூன்று.

"வெயிலில் வெடித்து விடுமாமே?"

"ஏ.ஸி. போட்டால் பாதி வழியில் நின்று போகுமாமே?"

"நம் ஊர்ச் சூட்டுக்கு பாட்டரி இரண்டு வருஷத்தில் செத்துப் போகுமாமே?"

எல்லாம் 'மாமே'தான். கேட்பவர்களில் ஒருவராவது மின்சாரக் கார் ஓட்டியவர் கிடையாது. இருந்தாலும் மூன்றும் நல்ல கேள்விகள். பெட்ரோலுக்குப் பயந்து இந்த வண்டியை வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பஸ்தர்கள் நம் வாசகர்களில் பல பேர் இருப்பார்கள். அவர்களுக்காக ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் கேள்வியைச் சிரித்து ஒதுக்கி விட முடியாது. 2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் ஏற்றிக் கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சு முட்டித் தகப்பனாரும் மகளும் இறந்து போனார்கள். அந்தக் கோடையில் நாட்டில் வேறு சில இடங்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகுதான் மத்திய சர்க்கார் பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலுமாக இரண்டு கட்டங்களில் அமுலுக்குக் கொண்டு வந்தது.

ஆனால் வெயில் ஒன்றே பாட்டரியைக் கொளுத்தி விடாது. உள்ளே குறைபாடுள்ள செல், அடிபட்ட பெட்டி, தரமில்லாத சார்ஜர் என்று ஏதாவது ஒன்று இருந்து, செல்லின் சூடு நூறு டிகிரியையும் தாண்டி ஏற வேண்டும். நம் ஊர் 42 டிகிரிக்கும் அதற்கும் நடுவில் வெகு தூரம் இருக்கிறது. அதிலும் பாட்டரிகளில் தினுசு உண்டு. நிக்கல் கலந்தது ஒன்று; இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது இன்னொன்று. என் வண்டியில் இருப்பது இரண்டாவது. நிக்கல் பாட்டரி அளவுக்கு இதில் மின்சாரத்தை அடைக்க முடியாது. ஆனால் சூட்டைப் பொறுத்துக் கொள்ளும் சக்தி அதிகம். எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைப் பாஸ்பேட் இறுகப் பிடித்துக் கொண்டு லேசில் விடுவதில்லை.

இந்த இரும்பு பாஸ்பேட் சமாசாரத்தை உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சிக் கட்டுரை 1997-ல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்களில் ஒருவர் ஜான் குட்இனஃப். லிதியம் பாட்டரிக்காக 2019-ல் தமது 97-ஆவது வயதில் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். அந்தக் கட்டுரையின் தலைப்பில் அவர் பெயருக்கு முன்னால் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: பாதி, நஞ்சுண்டசுவாமி. இரண்டும் நம் தேசத்துப் பெயர்கள்! அவ்வளவு தூரம் போவானேன்? இங்கேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேருஜி அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட ஸ்தாபனம் அது. லிதியம் பாட்டரி ஆராய்ச்சி அங்கேயும் நடக்கிறது. பாட்டரி என்பது சீமையிலிருந்து இறங்கிய மர்மப் பெட்டி என்று நினைப்பவர்கள் ஒரு தடவை காரைக்குடிப் பக்கம் போய் விட்டு வரலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஏ.ஸி. போட்டால் வண்டி நின்று போகுமா?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்பட வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்குத்தான். வீட்டு மீட்டரில் யூனிட் என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கில் என் வண்டியின் பாட்டரி 24 யூனிட் கொள்ளும். ஊருக்குள் ஓட்டினால் யூனிட்டுக்குச் சுமார் 9 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஏ.ஸி. என்ன சாப்பிடுகிறது? வெயிலில் காய்ந்த வண்டியைக் குளிர வைக்கும் முதல் பத்து நிமிஷம் அதற்கு அகோரப் பசி. பிறகு அடங்கி, மணிக்கு ஒரு யூனிட், உக்கிரமான வெயிலில் ஒன்றேகால் யூனிட் என்று நிதானமாகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சக்கரங்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மின்சாரம் வாங்குகின்றன. ஏ.ஸி.யோ மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வருவதற்குள், சாயங்கால நெரிசலில் மாட்டிக் கொண்டு நின்றீர்களானால், வண்டி நகராவிட்டாலும் ஏ.ஸி.யின் சம்பளம் நிற்காது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்று ஊர்ந்தால், ஏ.ஸி. தின்பது சக்கரம் தின்பதில் பாதி ஆகி விடுகிறது. அதே ஏ.ஸி. நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொஞ்சம்தான் கேட்கிறது.

அமெரிக்க மோட்டார் சங்கம் 2019-ல் ஐந்து மின்சாரக் கார்களைப் பரீட்சித்துப் பார்த்தது. 35 டிகிரி வெயிலில் ஏ.ஸி. போட்டு ஓட்டியபோது, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் சராசரியாக 17 சதவிகிதம் குறைந்தது. உறைபனிக் குளிரில், அதாவது பூஜ்யத்துக்கும் 7 டிகிரி கீழே, ஹீட்டர் போட்டு ஓட்டியபோது 41 சதவிகிதம் குறைந்தது! சூட்டை விடக் குளிர்தான் தூரத்துக்குப் பெரிய சத்துரு. அப்படியிருந்தும் பனி கொட்டும் நார்வே தேசத்தில் 2024-ல் புதிதாக விற்ற கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். குளிரிலே அவர்களால் சமாளிக்க முடிகிறதென்றால், வெயிலிலே நம்மால் முடியாதா?

மூன்றாவது கேள்வி ஆயுள் சம்பந்தப்பட்டது. இங்கே வெயில் உண்மையாகவே வில்லன்தான். ஒரு நாள் ஏ.ஸி. தின்ற யூனிட்டை மறுநாள் ஏற்றிக் கொள்ளலாம். வெயில் தின்ற ஆயுளை ஏற்ற முடியாது.

2012-ல் அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில் பீனிக்ஸ் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். பாலைவனத்து ஊர் அது. அங்கே நிஸான் லீஃப் என்ற மின்சாரக் கார் வாங்கியவர்கள், ஒன்றிரண்டு கோடைக்குள்ளேயே பாட்டரியின் கொள்ளளவு குறைந்து விட்டதென்று கூக்குரல் எழுப்பினார்கள். அந்தக் காரின் பாட்டரியைக் குளிர வைக்கக் குழாயும் திரவமும் கிடையாது. பெரிய சர்ச்சை நடந்து, கம்பெனியார் உத்தரவாதத்தை நீட்டினார்கள்; பிற்பாடு சூடு தாங்கும் புது ரகப் பாட்டரியும் கொண்டு வந்தார்கள். இன்றைக்கு நம் நாட்டில் விற்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றில் பாட்டரியைச் சுற்றித் திரவம் ஓடுகிறது. எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல கம்பெனிகள் பாட்டரிக்கு உத்தரவாதமும் தருகின்றன. பீனிக்ஸ்காரர்கள் பட்ட பாட்டின் பலனை ஸ்ரீரங்கத்துக்காரன் அனுபவிக்கிறேன்.

ஆனால் திரவம் ஓடுவது பெரும்பாலும் வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஏறும்போதும்தான். வெயிலில் சும்மா நிறுத்தி வைத்த வண்டிக்கு நாதி கிடையாது. அதிலும் பாட்டரியை நூறு சதவிகிதம் நிரப்பி, அப்படியே நாள் கணக்கில் வெயிலில் போட்டு வைப்பது மகா கெடுதல். நிறைந்த பாட்டரியும் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் ரசாயனங்கள் சீக்கிரம் கிழடு தட்டி விடுகின்றன.

இதை நான் என் தாயாருக்கு விளக்க முயன்றேன். அம்மாவுக்கு வயது 74. பாதி சொல்வதற்குள்ளேயே, "இதைச் சொல்ல இவ்வளவு படிப்பா? வயிறு முட்டச் சாப்பிட்டு விட்டு வெயிலில் போய்ப் படுத்தால் மனுஷனுக்கே ஆகாதேடா! உன் வண்டிக்கு மட்டும் ஆகுமா?" என்று கேட்டு விட்டாள்.

யோசித்துப் பார்த்தால், கோடையில் பாட்டரியைக் காப்பாற்றக் கம்பெனிக்காரர்கள் அச்சடித்துக் கொடுக்கும் யோசனைகள் எல்லாமே அம்மாவின் சட்ட திட்டங்கள்தான். அரை வயிறு, முக்கால் வயிறாக இரு. அதாவது தினசரி ஓட்டத்துக்கு வேண்டிய அளவு ஏற்று. ஓடி வந்த உடனே சாப்பிடாதே. கொஞ்சம் ஆறிய பிறகு சார்ஜ் போடு. விருந்துச் சாப்பாடு பிரயாணத்துக்கு முதல் நாள் இரவில்தான். என்னுடையது போன்ற இரும்பு பாஸ்பேட் பாட்டரியை அவ்வப்போது முழுக்க நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டர் தடுமாறும் என்கிறார்கள். அதையும் ஊருக்குப் புறப்படுகிற நாளாகப் பார்த்துச் செய்து விட்டால், நிறைந்த பாட்டரி வெயிலில் தூங்காமல் உடனே உழைக்கப் போய் விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிழலைத் தேடு.

நிழல் என்றதும் ராஜகோபுரம் ஞாபகம் வருகிறது. 1987-ல் கட்டி முடிந்த அந்தக் கோபுரத்தின் உயரம் 236 அடி. அவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு நிழல் விழ வேண்டும்? உச்சிப் பொழுதில் போய்ப் பாருங்கள்! ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் திருச்சிக்கு நேர் தலைக்கு மேலே வந்து விடுகிறது. அன்றைக்கு நண்பகலில் நம் நிழல் நம் காலடியிலேயே ஒளிந்து கொள்ளும். அதற்கப்புறம் ஆகஸ்டு வரையில் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மே மாதத் தொடக்கத்தில் அத்தனை பெரிய கோபுரத்தின் மத்தியான நிழல், தெற்குப் பக்கம் முப்பது அடிகூட நீளாது. ஆகவே கட்டடங்களை நம்பிப் பிரயோசனமில்லை. கிளை விரித்த மரம் வேண்டும். எங்கள் வீட்டுக் காம்பவுண்டில் மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதுதான் என் வண்டிக்குக் கொட்டகை.

நிழலின் மதிப்பு எவ்வளவு என்று அரிசோனாவிலேயே அளந்திருக்கிறார்கள். 2018-ல் வெளியான ஆராய்ச்சி அது. 38 டிகிரியும் அதற்கு மேலும் வெயில் அடித்த நாட்களில், வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரி 47 டிகிரி ஆயிற்று. முன்பலகை 69 டிகிரி! நிழலில் நிறுத்திய காரிலோ உட்புறம் 38 டிகிரி, முன்பலகை 48 டிகிரிதான். ஏறி உட்கார்ந்ததும் ஏ.ஸி. இறக்க வேண்டிய சூட்டில் கணிசமான பங்கை வேப்பமரமே இறக்கி விடுகிறது, பைசாச் செலவில்லாமல். (குழந்தைகளை ஒரு நிமிஷம்கூட நிறுத்திய காரில் விட்டுப் போகக் கூடாது என்பதற்கும் இந்த எண்களே சாட்சி.)

இதெல்லாம் புத்தியால் ஒப்புக் கொள்கிற சங்கதி. மனசால் முடிவெடுக்க வேண்டி வந்த நாள் ஒன்று உண்டு.

2024 மே மாதத்து முதல் வாரம். தமிழ்நாடு முழுவதும் தகித்தது. அந்த மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்சாரத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை கண்டிராத உச்சம். வீட்டுக்கு வீடு ஏ.ஸி. ஓடினால் வேறு எப்படி இருக்கும்? எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு வோல்டேஜ் இறங்கி, டியூப் லைட் கண்ணைச் சிமிட்டியது. அந்த வோல்டேஜில் சார்ஜ் ஏற்றக் கூடாதென்று என் சார்ஜர் தானாகவே நின்று விட்டது. காலையில் இருந்ததைக் கொண்டு திருச்சிக்குப் போய் வேலையை முடித்து, பன்னிரண்டரை மணிக்கு வீடு திரும்பி வண்டியைப் பிளக்கில் மாட்டினேன். ஒரு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து டெலிபோன் வந்தது. பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவைக் கேட்கிறாளாம்.

வண்டியில் இருந்தது 36 சதவிகிதம். அதாவது எட்டரை யூனிட்டுக்கு ஒரு துளி மேல். தஞ்சாவூர் 60 கிலோமீட்டர். வெளியே 40 டிகிரிக்கு மேல்.

என் மனைவி வாடகைக் காருக்குப் போன் செய்தாள். வருவதற்கே முக்கால் மணி ஆகும் என்றார்கள். அம்மா அதற்குள் புடவை மாற்றிக் கொண்டு வாசலுக்கு வந்து விட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஏ.ஸி. எதற்குடா? ஜன்னலைத் திறந்து விடு. வேகமாகக் கொண்டு போய்ச் சேர்த்தால் போதும்" என்றாள்.

"அத்தை, போன வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தீர்களே, மறந்து விட்டதா?" என்றாள் என் மனைவி.

அதுதான் எனக்கும் பயம். காற்று உடம்பை விடச் சூடாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் வருவது தென்றல் இல்லை. உலைக்களத்துத் துருத்திக் காற்று. வயதானவர்களுக்கு வேர்வை சரியாகச் சுரப்பதில்லை. தாகமும் தெரிவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். அக்காவைப் பார்க்கப் போகிற தங்கையைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைப்பதா?

வேப்பமரத்தடியில் நின்று கணக்குப் போட்டேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏ.ஸி. இல்லாமல் போனால், சக்கரத்துக்கு ஆறேமுக்கால் யூனிட் ஆகும். போய்ச் சேர்ந்து விடலாம். அதே வேகத்தில் ஏ.ஸி.யும் போட்டால் ஏழேமுக்கால். மேலே ஏதாவது தடங்கல் வந்தால் வல்லத்துக்குப் பக்கத்தில் நடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். வேகத்தை 60-க்குக் குறைத்தால்? அங்கேதான் ரகசியம் இருக்கிறது. வேகமாகப் போகும் வண்டி காற்றைக் கிழித்துக் கொண்டு போக வேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. 80-லிருந்து 60-க்கு இறங்கினாலே காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட பாதியாகி விடுகிறது. அப்போது சக்கரத்துக்கு ஐந்து யூனிட் போதும். ஒரு மணி நேர ஏ.ஸி.க்கு ஒன்றேகால் யூனிட். மொத்தம் ஆறேகால்! ஏ.ஸி. இல்லாமல் பறப்பதை விட, ஏ.ஸி. போட்டுக் கொண்டு நிதானமாகப் போவது சிக்கனம். விலை என்ன? கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரம் லேசானதா என்றால், இல்லை. ஆஸ்பத்திரியில் கிடப்பவள் கேட்கிறாள் என்ற பிறகு, ஒவ்வொரு நிமிஷமும் அம்மாவுக்கு ஒரு யுகம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அம்மா நல்லபடியாக இறங்கி நடந்து போய் அக்காவின் கையைப் பிடிக்க வேண்டுமே!

வண்டி பிளக்கில் இருக்கும்போதே பத்து நிமிஷம் ஏ.ஸி.யை ஓட விட்டேன். அந்த முதல் அகோரப் பசியை வீட்டு மின்சாரத்தில் தீர்த்து விட்டால் பாட்டரி தப்பிக்கும். பிறகு ஒரு பாட்டில் மோர், ஒரு துண்டு, அம்மா. திருவானைக்கா வழியாக பைபாஸ் பாலத்தைத் தாண்டி, பால்பண்ணையில் திரும்பி, திருவெறும்பூர், துவாக்குடி என்று போனோம். முள் 60-ஐத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஏசினார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. "கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா?" என்று வாய் திறந்து ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், துவாக்குடிக்கு அப்பால். "போனால் ஏ.ஸி.யை நிறுத்த வேண்டும் அம்மா" என்றேன். வெளியே பார்த்தாள். சாலையோரத்தில் ஒரு கிழவர் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக் கொண்டு நுங்கு விற்றுக் கொண்டிருந்தார். "சரி, இப்படியே போ" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது 9 சதவிகிதம் மிச்சம். அம்மா கைத்தாங்கல் இல்லாமல் படியேறினாள். பெரியம்மாவுக்கு நினைவு இருந்தது. தங்கையின் கையைப் பிடித்து, "இந்த வெயிலில் ஏண்டி வந்தே?" என்று கேட்டாளாம். கேட்டவளுக்குச் சிரிப்பு, பதில் சொல்ல வேண்டியவளுக்கு அழுகை. பெரியம்மா பிழைத்து வீட்டுக்கு வந்து, ஆடி மாதம் வரை இருந்தாள்.

மத்தியானமே போய்ச் சார்ஜ் போடவில்லை. பாட்டரி சூடாக இருக்கும்போது வேக சார்ஜரில் மாட்டினால், வண்டியே தன்னைக் காப்பாற்றிக் கொள்ள மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கிக் கொள்ளும். ஒரு புங்கமரத்தடியில் நிறுத்தி வைத்து, பொழுது சாய்ந்த பிறகு ஏற்றிக் கொண்டு, இரவு ஒன்பது மணிக்கு ஸ்ரீரங்கம் திரும்பினோம்.

இதைப் படித்து விட்டு, "ஏ.ஸி. காரில் போகிறவன் வெயிலைப் பற்றிப் பேசுகிறானே!" என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். என் வண்டிக்கு வரும் மின்சாரமும் ஆகாசத்திலிருந்து குதிப்பதில்லை. அன்று போன வழியில் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை இருக்கிறது. 1965-லிருந்து அனல் மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்பும் ஸ்தாபனம். இரவில் நாம் ஏற்றும் யூனிட்டில் பெரும் பகுதி அப்படிப்பட்ட ஏதோ ஒரு கொதிகலனில் நிலக்கரி எரித்து வந்ததுதான். பகலில் ஏற்றினால் அதில் சூரிய மின்சாரமும் கணிசமாகக் கலந்திருக்கும். நம்மை வாட்டுகிற வெயிலையே வண்டிக்குத் தீனியாகப் போடுவது நல்ல பழி வாங்கல் அல்லவா? மொட்டை மாடியில் சூரியப் பலகை வைக்க வசதியுள்ளவர்கள் அதை யோசிக்கலாம்.

ஒரு விஷயத்தில் இந்த வண்டி தெருவுக்கு உபகாரம் செய்கிறது. பெட்ரோல் எஞ்சின், குடித்த எண்ணெயில் முக்கால் பங்கைச் சூடாகவே வெளியே தள்ளுகிறது. சத்திரம் பக்கத்துச் சிக்னலில் ஸ்கூட்டரில் நிற்பவர்களுக்கு அந்த அனல் காலில் அடிப்பது தெரியும். மின்சார வண்டியில் அது மிகவும் குறைவு. ஆனால் ஏ.ஸி. உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியேதான் கொட்ட வேண்டும். அது எந்தக் காரானாலும் ஒன்றுதான். கண்ணாடிக்கு உள்ளே ஒருவர் குளிர்ந்தால், வெளியே நிற்கிற பூக்காரிக்கு அதனால் சிறிது கூடுதல் சூடு. இதை மறந்து விட்டு மின்சாரக் காரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் ஆளைக் கொல்லும் என்று சர்க்காரே ஒப்புக் கொண்டதாக அர்த்தம். சாகிறவர்கள் பெரும்பாலும் ஏ.ஸி. வண்டியில் போகிறவர்கள் அல்ல. ஆகவே கோடையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற வயதானவர்களுக்கு என் வண்டியில் இடம் இருந்தால் ஏற்றிக் கொள்கிறேன். அதனால் குறைகிற கிலோமீட்டரை மீட்டர் காட்டுவதே இல்லை.

மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாங்குங்கள். ஆனால் மத்தியானத்தில் பறக்கிற வழக்கம் இருந்தால் அதை விட்டு விடுங்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கே சித்திரைத் தேருக்குக் காலையில்தான் வடம் பிடிக்கிறார்கள். கோடைத் திருநாள் என்று வெளிக்கோடை ஐந்து நாளும் உள்கோடை ஐந்து நாளும் நடக்கிறதே, அதுவும் வெயில் தாழ்ந்த பிறகுதான். உச்சி வேளையில் ஊரை வலம் வர வேண்டும் என்று அங்கே யாரும் அவசரப்படுவதில்லை. அதிகாலையில் புறப்படுங்கள், இல்லையேல் பொழுது சாய்ந்து புறப்படுங்கள். தவிர்க்க முடியாமல் நண்பகலில் போக வேண்டியிருந்தால், கூட இருப்பவர்களின் குளிர்ச்சியில் கை வைக்காதீர்கள். உங்கள் வேகத்தில் கை வையுங்கள். பாட்டரிக்கு எட்டு வருஷம் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கக் கம்பெனி இருக்கிறது. பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிற தாயாருக்கு அப்படி எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.